ஈர்க்கால் அளந்த ரயர்

எங்களிட்ட ஒரு ஒற்றை றூள் கொப்பி இருக்கிறது. திறந்தால் தாளுக்குத் தாள் செலோரேப் போட்டு ஒட்டின ஈர்க்குத் துண்டுகள். சிலது ஒரு சோத்துப் பருக்கை நீளம், சிலது அதில பாதி. ஒவ்வொண்டுக்கும் கீழ ஒரு திகதி, ஒரு கிலோமீற்றர் கணக்கு, பிறகு ஒற்றை எழுத்து: ‘ந’ எண்டால் பின் ரயரின்ர நடு, ‘ஓ’ எண்டால் ஓரம், ‘மு’ எண்டால் முன் ரயர். ஆயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கா விளக்குமாறில இருந்து ஒரு ஈர்க்கை உருவி, ரயரின்ர தவாளிப்புக்குள்ள குத்தி, மேல் விளிம்போட நகத்தால மடிச்சு, வெட்டி ஒட்டுவோம். ஆழம் அளக்கிற கருவி கடையில வாங்கலாம். அப்ப எங்களிட்ட இருந்தது விளக்குமாறுதான்.

கொப்பியை வீட்டுக்காரர் கண்டு, என்ன இது, செய்வினையோ எண்டு கேட்டதும் நடந்தது.

2019 இல நாங்கள் மூண்டு பேரும் காசு போட்டு ஒரு ஹொண்டா வி.ரி.ஆர் 250 வாங்கினம். ஜப்பானில ஓடி முடிச்சு இங்க வந்த பழசு. மூண்டு பேருக்கும் ஒரு பைக் எண்டது ஊரில கொஞ்சம் சிரிப்புக்குரிய விசயம்தான், அதுவும் எங்களில ஒருத்தி பொம்பிளைப்பிள்ளை எண்டதால கூடுதலாவே சிரிச்சவை. புக் ஒருத்தன்ர பேரில, காப்புறுதி இன்னொருத்தன்ர செலவில, ரயர் அவள்ர பொறுப்பில. அப்பிடித்தான் பிரிச்சம். ரயர் சின்ன வேலை எண்டு நினைச்சுத்தான் அவளுக்குக் குடுத்தம் எண்டதையும் இதில சொல்லிவிடுறம்.

வாங்கின கிழமையே பின் ரயர் மாத்த வேண்டி வந்தது. நடுவில தவாளிப்பே இல்லை. முன் ரயர் நல்லா இருந்தது. வித்தவர் தடவிக் காட்டி, "முன்னுக்குப் பாக்கத் தேவையில்லைத் தம்பி, புதுசு மாதிரி" எண்டார். ஈர்க்கு வைச்சுப் பாத்தம், உண்மையாவே ஆழமாத்தான் இருந்தது. பின்னுக்கு மட்டும் ஸ்போர்ட் ரூறிங் எண்டு சொல்லுற வகையில ஒரு ஜப்பான் ரயர் போட்டம். 140/70-17. கையில இருந்த காசெல்லாம் அதோட போச்சுது.

இந்த வகை ரயரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். பந்தய ரயர் நல்லாப் பிடிக்கும், ஆனால் கெதியாத் தேஞ்சு போகும். சாதாரண ரயர் வருசக்கணக்கா ஓடும், ஆனால் மழைக்குள்ள நம்பிச் சாய்க்கேலாது. தூரமும் ஓடவேணும், வளைவிலயும் பிடிக்கவேணும் எண்டு ரெண்டுக்கும் ஆசைப்படுற ஆக்களுக்காகச் செய்ததுதான் ஸ்போர்ட் ரூறிங். மிஷ்லின் றோட், பிரெல்லி ஏஞ்சல், டன்லொப் றோட்ஸ்மார்ட், மெட்செலர் றோட்ரெக் எல்லாம் இந்தக் குடும்பம். இப்ப வாறதுகளில றப்பரோட சிலிக்கா கலப்பாங்கள், ஈரத்திலயும் குளிரிலயும் பிடிக்கிறதுக்கு. பின் ரயர் பலதில நடுவுக்கு ஒரு றப்பர், ஓரத்துக்கு இன்னொண்டு. நேராப் போகேக்க நடுதான் நிலத்தில படும், அதால அது கடினம். சாயேக்க ஓரம் படும், அது மெத்து. ஒரு ரயர் ஒரு நேரத்தில நிலத்தைத் தொடுறது ஏறக்குறைய ஒரு உள்ளங்கை அளவுதான். மழை, மண், லொறி சிந்தின டீசல் எல்லாத்துக்கும் மேல எங்களைப் பிடிச்சு வைச்சிருக்கிறது அந்த ரெண்டு உள்ளங்கையும்தான்.

இதைச் செய்யிற ஆக்கள் இத்தாலியிலயோ பிரான்சிலயோ மலை றோட்டில இறங்கி ஏறுற ஒருத்தனை நினைச்சுத்தான் செய்திருப்பாங்கள் எண்டு எங்களுக்கு ஒரு எண்ணம். எங்கட றோட்டோ ஏ9.

யாழ்ப்பாணத்தில இருந்து வெளிக்கிட்டால் சாவகச்சேரி, பளை, ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி. முறிகண்டியில பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், ஒரு பிளேன்ரீ. பிறகு மாங்குளம், ஓமந்தை, வவுனியா. றோட்டு மட்டக்கோல் வைச்சுக் கீறின மாதிரி. எங்க சாய்க்கிறது? குடாநாட்டுக்குள்ள வளைவு எண்டால் ஒழுங்கை முடக்குத்தான், அதில சாய்ச்சால் கிடுகு வேலிக்குள்ளதான் போய் நிக்கவேணும். அதால எங்கட பின் ரயர் நடுவில மட்டும் தேய்ஞ்சது. 4,000 இல ந-வும் ஓ-வும் ஒரே நீளம். 9,000 இல ந பாதியாப் போச்சுது, ஓ அப்பிடியே. வட்டமா இருக்கவேண்டிய ரயர் பின்னால நிண்டு பாத்தால் பாணை அடியில வெட்டின மாதிரித் தட்டையா இருந்தது.

தட்டையானால் என்ன நடக்கும் எண்டு கண்டிக்குப் போன நாளில விளங்கினது. மாத்தளை தாண்டி வளைவுகள் தொடங்கேக்க பைக் சாய மாட்டன் எண்டு அடம்பிடிச்சது. கொஞ்சம் கூடத் தள்ளினால் திடீரெண்டு சரிஞ்சு விழுற மாதிரி உள்ள இறங்கினது. தட்டைப் பகுதியின்ர விளிம்பில ஏறி, அதைத் தாண்டின உடன மறுபக்கம் இறங்குது, அவ்வளவுதான் விசயம். ஆனால் ஓடுறவனுக்கு அது ஒரு சின்னப் பயம். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பயம் எண்டு கணக்கு வைச்சால் கண்டிக்குள்ள போய்ச் சேரேக்க நல்லாக் களைச்சிருவம். தவாளிப்பு மிச்சம் இருக்கிறதும் ரயர் ஒழுங்கா வேலை செய்யிறதும் ஒண்டில்லை எண்டதை அண்டைக்குத்தான் முதலில கண்டம். கண்டிட்டு அதை மறந்தும் போனம்.

முன் ரயர் தேயிற விதம் வேற. பிரேக் பிடிக்கேக்க பாரம் முன்னுக்குத்தான் வரும். அதால தவாளிப்புகளுக்கு இடையில இருக்கிற கட்டைகள் ஒரு பக்கம் உயர்ந்து மற்றப் பக்கம் தாழ்ந்து, வாள்ப்பல் மாதிரி ஆகும். கையால ஒரு திசைக்குத் தடவினால் வழுக்கும், மற்றத் திசைக்குத் தடவினால் பிராண்டும். ஓடேக்க ‘ம்ம்ம்’ எண்டு ஒரு இரைச்சல். காத்துக் குறைவா ஓடினால் இது கெதியா வரும். காத்துப் பாக்கிறதெண்டால் விடிய, ஓட முந்தி, ரயர் குளிரா இருக்கேக்க பாக்கவேணும். ஓடிச் சூடானால் அழுத்தம் கூடித்தான் காட்டும், அதை நம்பித் திறந்து விட்டால் பிறகு குறைஞ்சு போயிரும். ஷெட்டில காத்தடிக்கிற தம்பி "எவ்வளவு அண்ணை?" எண்டு கேக்கிறது பின்னால இருக்கிறவனிட்ட, முன்னால ஹாண்டிலைப் பிடிச்சிருக்கிற அவளிட்ட இல்லை. அதாலதான் அவள் சொந்தமா ஒரு காத்து மானி வாங்கினாள்.

2020 மார்ச்சில ஊரடங்கு. அதே காலத்தில வாகன இறக்குமதியை நிப்பாட்டினாங்கள், பிறகு ரயருக்கும் கட்டுப்பாடு வந்தது. றப்பர் மரம் 1876 இல கியூவில இருந்து கம்பஹா ஹெனரத்கொடைக்கு வந்து நட்ட நாடு இது. கிட்டங்கிகளில ஓடுற ஃபோர்க்லிஃப்ற்றுக்குப் போடுற கட்டி ரயர் இங்க செய்து உலகத்துக்கெல்லாம் போகுது. ஆனால் எங்கட 140/70-17 க்கு நாங்கள் கப்பலைப் பாத்துக்கொண்டுதான் இருந்தம்.

எங்களில ஒருத்தன்ர அப்பா இதைக் கேட்டுச் சிரிச்சார். 90களில பொருளாதாரத் தடைக்குள்ள அவர் ஓடினது மண்ணெண்ணெய் மோட்டச்சைக்கிள். கொஞ்சம் பெற்றோலை ஊசியாலயோ சின்னப் போத்திலாலயோ விட்டு ஸ்ராட் பண்ணினாப் பிறகு மண்ணெண்ணெய். ரயர் கிழிஞ்சால் உள்ளுக்குப் பழைய ரயர்த் துண்டு வைச்சு ஓடினவை. அதுவும் ஏலாமல் போனால் வெட்டிச் செருப்பு. "நாங்கள் ரயரில நடந்தும் இருக்கிறம்" எண்டார். அவருக்கு முன்னால எங்கட சிலிக்காக் கதையை எடுக்க வெக்கமாப் போச்சுது.

2022 இல பெற்றோலே இல்லை. கியூ.ஆர் வந்தாப் பிறகு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். வி.ரி.ஆர் மாமரத்துக்குக் கீழ மாதக்கணக்கா நிண்டது, பாதி வெயில், பாதி நிழல். கொப்பியில அந்த வருசத்துக்கு மூண்டே மூண்டு ஈர்க்கு. ரயர் தேயேல்லை எண்டு எங்களுக்குச் சந்தோசம். நிண்ட இடத்திலயே ஒரு ரயர் பழுதாகும் எண்டது அப்ப எங்கட தலைக்குள்ள ஏறேல்லை. றப்பர் காத்தோடயும் வெயிலோடயும் சூட்டோடயும் இருந்து இருந்து இறுகும். மேலால பாத்தால் கறுப்பாப் பளபளப்பா இருக்கும், தவாளிப்பும் இருக்கும். பிடிப்பு மட்டும் போயிரும்.

அவள் ஒருக்காச் சொன்னவள். 2023 ஆவணியில முன் ரயரில நகத்தை அழுத்திப் பாத்திட்டு, "டேய், இது நகம் பதியுதில்லையடா. பின்னுக்கு இருக்கிறதிலயாவது கொஞ்சம் பதியுது" எண்டாள். நாங்கள் ரெண்டு பேரும் சிரிச்சம். ஒருத்தன் "உன்ர நகத்தை மாத்து" எண்டான். பிறகு ஈர்க்கு வைச்சுக் காட்டினம். மு: நல்ல நீளம். கொப்பியைத் துவக்கினவளே அவள்தான். அவள்ர கொப்பியாலயே அவள்ர வாயை அடைச்சம்.

அப்ப கையில ஒரு ரயருக்குத்தான் காசு. 2019 இல குடுத்ததைப்போல மூண்டு மடங்குக்குக் கிட்டக் கேட்டாங்கள். 17,000 தாண்டின பின் ரயர் அடையாளக் கட்டை வரைக்கும் தேஞ்சிட்டுது. தவாளிப்புக்குள்ள சின்னதா ஒரு மேடு இருக்கும், பக்கச் சுவரில ரி.டபிள்யூ.ஐ எண்டு எழுதி அந்த இடத்தைக் காட்டும். அந்த மேட்டோட சமமா வந்தால் ரயர் முடிஞ்சுது. பின்னுக்கு முடிஞ்சுது, முன்னுக்கு முடியேல்லை. அப்ப பின்னுக்குப் போடுறதுதானே நியாயம்? மூண்டு பேரும் சேந்துதான் முடிவெடுத்தம் எண்டு இப்ப எழுதலாம். உண்மை என்னெண்டால் ரெண்டு பேர் முடிவெடுத்தம், ஒருத்தி தலையாட்டினாள்.

புது ரயர் கொஞ்ச நாள் வழுக்கும், முதல் நூறு நூற்றைம்பது கிலோமீற்றரும் மெதுவா ஓடவேணும் எண்டு கடைக்காரர் சொல்ல, அப்பிடியே ஓடினம். அவ்வளவு கவனமான ஆக்கள் நாங்கள்.

ஐப்பசியில நுவரெலியாவுக்குப் போனம். எங்களில ஒருத்தனுக்குக் கனடா அலுவல் சரிவந்துகொண்டிருந்தது. போறதுக்கு முந்தி ஒருக்கா மூண்டு பேரும் மலைக்குப் போவம் எண்டு கதை. ரெண்டு பேர் வி.ரி.ஆரில, மூண்டாவது ஆள் பஸ்ஸில, இடத்துக்கு இடம் மாறுறது எண்டு திட்டம். கண்டி, கம்பளை, புசல்லாவை எல்லாம் வெயில். பின் ரயர் புதுசு, வட்டமானது, பைக் சொன்ன சொல் கேட்டுச் சாய்ஞ்சது. நாலு வருசமா இதுக்குத்தானே காத்திருந்தம் எண்டு இருந்தது. றம்பொடைக்குக் கொஞ்சம் முந்தி மழை பிடிச்சுது. மழை தொடங்கின முதல் பத்து நிமிசம்தான் மோசம், றோட்டில கிடந்த எண்ணெயும் தூசியும் கழுவுப்பட முந்தி. அது தெரிஞ்சு வேகத்தைக் குறைச்சுத்தான் ஓடினான். முப்பத்தைஞ்சு கூட இருக்காது. இடப்பக்க வளைவு. பிரேக்கும் பிடிக்கேல்லை. முன் சில்லு அப்பிடியே வெளிப்பக்கம் போச்சுது. வழுக்குது எண்டு உணர நேரமில்லை. ஹாண்டில் மடங்கினது, நிலம் வந்தது.

ஓடினவனுக்கு முழங்கை உரசல். பின்னுக்கு இருந்த அவளுக்குக் காறை எலும்பு முறிஞ்சுது.

தேயிலைக் கொழுந்து எடுத்துப்போட்டு வந்துகொண்டிருந்த அக்காமார் நாலு பேர்தான் முதலில ஓடி வந்தவை. ஒராள் தன்ர தலையில போட்டிருந்த பொலித்தீனைக் கழற்றி அவளுக்குப் பிடிச்சார். "பயப்படாத புள்ள, கைய அசைக்காத" எண்டு அவர் சொன்னதை அவள் இப்பவும் அந்தக் குரலிலயே சொல்லிக் காட்டுவாள். பஸ்ஸில வந்தவன் வந்து சேரேக்க அவளை ஒரு வானில ஏத்தியாச்சு.

முதல் ரெண்டு நாளும் மழையில பிழை சொன்னம். பிறகு டீசல் எண்டம். பிறகு புது ரயர் எண்டம், புதுசு வழுக்கும்தானே. ஆனால் வழுக்கினது பின்னுக்கு இல்லை. பைக்கை லொறியில யாழ்ப்பாணம் கொண்டு வந்து இறக்கின அண்டைக்கு, முன் சில்லைச் சுத்திச் சுத்திப் பாத்துக்கொண்டிருக்கேக்கதான் பக்கச் சுவரில டொட் எண்டு தொடங்குற வரிசையின்ர கடைசி நாலு இலக்கம் கண்ணில பட்டது. 1513. ஃபோனில தேடிப் பாத்தம். முதல் ரெண்டும் கிழமை, மற்ற ரெண்டும் வருசம். 2013 ஆம் ஆண்டின்ர 15 ஆம் கிழமை செய்த ரயர். நாங்கள் பைக் வாங்கேக்கயே அதுக்கு ஆறு வயசு. விழேக்க பத்தரை. அந்த நாலு இலக்கமும் நாலு வருசமா எங்களைப் பாத்துக்கொண்டுதான் இருந்திருக்கு. தவாளிப்பு ஏன் அவ்வளவு ஆழமா இருந்தது எண்டும் விளங்கினது. கல்லு மாதிரி இறுகினது தேயுமோ? எங்கட ஈர்க்கு நீளமாக் காட்டினதே அது பழுதாப் போனதாலதான்.

அண்டைக்கு ரெண்டு பேரும் ஒண்டும் கதைக்கேல்லை. கொப்பியில அவள் 2023 ஆவணியில தன்ர கையெழுத்தில பென்சிலால எழுதி வைச்சிருந்தாள்: ‘மு - நகம் பதியவில்லை’. அதுக்குப் பக்கத்தில நாங்கள் வரைஞ்ச ஒரு சிரிக்கிற முகம்.

அவளிட்டச் சொல்ல ஒரு கிழமை எடுத்தது. கையைத் தூக்குக்குள்ள வைச்சுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். கோவிச்சாள் எண்டாலாவது பரவாயில்லை. "இலக்கம் எங்க இருக்கு, காட்டு" எண்டு மட்டும் கேட்டாள். எழும்பி வந்து, குனிய ஏலாமல், ஃபோனில படம் எடுக்கச் சொல்லிப் பாத்தாள். இதுக்குப் பிறகு நாங்கள் மூண்டு பேரும் பழைய மாதிரியே இருந்தம் எண்டு எழுத விருப்பம்தான். கொஞ்ச நாள் அப்பிடி இருக்கேல்லை.

2024 தையில முன் ரயர் வாங்கப் போனது அவள். நாங்கள் பின்னால நிண்டம். கடையில எடுத்து வைச்ச முதல் ரயரைத் திருப்பி இலக்கத்தைப் பாத்தாள், வேண்டாம் எண்டாள். ரெண்டாவதையும் பாத்தாள். கடைக்காரர் பொறுமை இழந்து, "பிள்ளை, நீர் ரயர் வாங்க வந்தனீரோ, சாதகம் பாக்க வந்தனீரோ?" எண்டார். மூண்டாவது 2023 இன்ர கடைசியில செய்தது. நகம் பதிஞ்சுது. அதைத்தான் எடுத்தம். பின்னுக்கு இருக்கிற அதே கொம்பனி, அதே வகை. முன்னும் பின்னும் சோடியாச் செய்த ரயரைச் சோடியாப் போட்டால் ரெண்டும் ஒரே மாதிரிப் பதில் சொல்லும். எங்களுக்கு ஓடிப் பாத்துத்தான் அது விளங்கினது.

கழற்றின 1513 ஐ ஒழுங்கையில ஒரு வீட்டில கேட்டவை, பிள்ளையளுக்கு ஊஞ்சல் கட்ட. குடுத்தம். அதுக்கு அது இன்னும் பத்து வருசம் காணும்.

இந்தச் சோடியைப் பற்றிக் கேட்டால்: பின் ரயர் இப்ப 12,000 ஓடியிருக்கு. ந தேய்ஞ்சுகொண்டு வருது, முதல் ரயரை விடக் கொஞ்சம் மெதுவா. காத்தை ஒழுங்காப் பாக்கிறதால இருக்கலாம், ஆள் குறைஞ்சதாலயும் இருக்கலாம். தட்டையாகத் தொடங்கீட்டுது, ஏ9 மாறேல்லைத்தானே. மன்னாருக்குப் போனாலும் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரிக்கு அங்கால அதே நேர்க்கோடுதான், காத்து மட்டும் பக்கவாட்டில அடிக்கும். தட்டை கூடினால் தவாளிப்பு மிச்சம் இருந்தாலும் மாத்துறது எண்டு இருக்கிறம். காசு அப்ப எப்பிடியோ தெரியாது. முன்னுக்கு இன்னும் இரைச்சல் வரேல்லை. மழைக்குள்ள ரெண்டும் பிடிக்குது, ஆனால் மழைக்குள்ள நாங்கள் இப்ப எவ்வளவு மெதுவா ஓடுறம் எண்டால், அது ரயரின்ர கெட்டித்தனமோ எங்கட பயமோ எண்டு பிரிச்சுச் சொல்லேலாது. கொப்பியில இப்ப நாலாவது நிரல் ஒண்டு இருக்கு: ‘நகம்’. பதிஞ்சால் ஒரு சரி, இல்லாட்டில் ஒரு பிழை.

கனடாவுக்குப் போனவன் ஸ்காபுறோவில ஒரு பழைய கார் வைச்சிருக்கிறான். பனிக்கு ஒரு ரயர், வெயிலுக்கு ஒரு ரயர் எண்டு வருசத்துக்கு ரெண்டு தரம் மாத்துறானாம். சொந்தக்காரர் குடுத்த பழைய பனி ரயரைப் போட முந்தி நாலு சில்லின்ரயும் இலக்கத்தைப் படம் எடுத்து எங்கட குறூப்பில போட்டான். ஒண்டும் எழுதேல்லை, வெறும் நாலு படம். அண்டைக்கு வளைவில ஓடினவன் அவன்தான் எண்டதை இவ்வளவு நேரமும் எழுதாமல் வைச்சிருந்தம்.

அவள் படங்களைப் பெருப்பிச்சுப் பாத்து, மூண்டாவதுக்குக் கீழ மட்டும் பதில் போட்டாள்: "இதை மாத்து."

போன சனிக்கிழமை அவள் தனிய ஆனையிறவு மட்டும் போட்டு வந்தாள். தோளில ஈரக்காத்துப் பட்டால் இன்னும் உளையுதாம். முன்னுக்கு ரெண்டு இறாத்தல் காத்துக் குறைவு எண்டு சொல்லிப்போட்டுப் போயிருக்கிறாள். நாளைக்கு விடிய அடிக்கவேணும், சூடாக முந்தி.